நார்மல் பதினேழு

எச்சில் என்ற சொல்லுக்கே முகம் சுளிக்கிற வீட்டில் பிறந்தவள் நான். ஒருவர் கடித்த மாம்பழத்தை இன்னொருவர் தொட்டுவிட்டால் கை கழுவிவிட்டு வரச் சொல்வார்கள். அப்படிப்பட்டவளுக்குப் பதினெட்டு வருடமாகச் சோறு போட்டது எச்சில்தான். திருவனந்தபுரத்தில் ஒரு புற்றுநோய் ஆராய்ச்சிக்கூடத்தில் டெக்னீஷியன் வேலை. ஊரார் துப்பிக் கொடுத்ததைச் சின்னக் குழாய்களில் வாங்கி, ஐஸில் வைத்து, மெஷினில் சுழற்றித் தெளியவைத்து, அதில் என்ன எவ்வளவு இருக்கிறது என்று அளந்து சொல்ல வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் என் மாமியார் அக்கம்பக்கத்தில் "ஆஸ்பத்திரியில வேலை பாக்கா" என்பதோடு நிறுத்திக்கொள்வார். அதற்குமேல் யாராவது கேட்டால் பேச்சை மழைக்கு மாற்றிவிடுவார்.

என்ன அளக்கிறோம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பிறகு நடந்தது விளங்காது. உடம்பில் எங்காவது காயம் பட்டால் அங்கே இருக்கிற செல்கள் சில புரதங்களை வெளியே விடும். இன்டர்லூக்கின் ஆறு, இன்டர்லூக்கின் எட்டு என்று அவற்றுக்கு நம்பர் போட்டு வைத்திருக்கிறார்கள். ஆள் கூப்பிடுவதுதான் அவற்றின் வேலை. இங்கே அடிபட்டிருக்கிறது, ஓடி வாருங்கள் என்று ரத்தத்தில் இருக்கும் வெள்ளை அணுக்களைக் கூப்பிடும். அவை வந்து கூடும்போது அந்த இடம் வீங்கும், சிவக்கும், வலிக்கும். காயம் ஆறியதும் கூப்பாடு அடங்கிவிட வேண்டும். அடங்காமல் மாதக்கணக்கில் போய்க்கொண்டே இருந்தால் வினைதான். பெருகு, பெருகு என்று அதே புரதங்கள் பக்கத்துச் செல்களையும் முடுக்கிவிடும். புது ரத்தக்குழாய் வளரச் செய்யும். சாக வேண்டிய செல்லைச் சாகவிடாது. அந்த நேரம் பார்த்துக் கெட்டுப்போன செல் ஒன்று அங்கே இருந்துவிட்டால் அதற்குக் கொண்டாட்டம். புற்று வளர்ந்த பிறகு அதுவே இந்தப் புரதங்களை விட ஆரம்பித்துவிடும். வீக்கம் புற்றை வளர்க்கும், புற்று வீக்கத்தை வளர்க்கும். இவ்வளவும் எனக்கு மனப்பாடம். பார்க்க வருகிற காலேஜ் பிள்ளைகளுக்கு மூச்சுவிடாமல் சொல்லிக்கொடுப்பேன்.

அந்த வருடம் நாங்கள் எடுத்த வேலை வாய்ப்புற்று. நோயாளிகளின் எச்சிலில் இந்தப் புரதங்கள் எவ்வளவு, நோய் இல்லாதவர்களிடம் எவ்வளவு என்று ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். நோய் இல்லாதவர்களை நாங்கள் நார்மல் என்போம். நோயாளிகளுக்குப் பஞ்சமே கிடையாது, வராந்தா நிறைய உட்கார்ந்திருப்பார்கள். நார்மல்தான் கிடைக்க மாட்டார்கள். ஐம்பது வயது தாண்டியிருக்க வேண்டும், புகையிலை தொட்டிருக்கக் கூடாது, வாயில் புண் எதுவும் இருக்கக் கூடாது. இந்த லட்சணங்களோடு ஒருவர் காலையில் வெறும் வயிற்றோடு வந்து எங்களுக்காகத் துப்ப வேண்டுமே. யார் வருவார்கள்? அதனால் எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. அவரவர் மாமா, பெரியப்பா, மச்சான் என்று வீட்டு ஆட்களைக் கூட்டி வந்துவிடுவோம். எங்கள் வாட்ச்மேன் தன் சம்பந்தியைக்கூடக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்.

நான் என் வீட்டுக்காரரைக் கூட்டிப் போனேன்.

அவருக்கு அப்போது ஐம்பத்துநாலு வயது. இருபது வயதில் நாகர்கோவிலிலிருந்து வந்து சாலை பஜாரில் ஒரு புடவை மொத்தக்கடையில் வேலைக்கு நின்றவர், அங்கேயே நின்றுவிட்டார். வெற்றிலையும் கிடையாது, பீடியும் கிடையாது. அவருக்கு இருந்த ஒரே கெட்டபழக்கம் பேச்சு. தமிழ் பேசுகிற அம்மாவுக்குத் தமிழ், மலையாளம் பேசுகிற சேச்சிக்கு மலையாளம், இரண்டுக்கும் நடுவில் தவிக்கிற மாப்பிள்ளைக்கு இரண்டும் கலந்து ஒரு பேச்சு. ஒன்றும் வேண்டாம், சும்மா பார்க்க வந்தோம் என்று படியேறியவர்களை மூன்று புடவையோடு இறக்கிவிடுவார். வீட்டுக்கு வந்தாலும் அந்த வாய் ஓயாது. நான் கத்திப் பேசுகிறவள், அவர் சிரித்துப் பேசுகிறவர். முப்பது வருடத்தில் எங்கள் சண்டை எதிலும் நான் ஜெயித்ததாக ஞாபகம் இல்லை.

"வீட்டுக்குள்ள துப்பப்பிடாதுன்னு முப்பது வருசமா என்னை வெரட்டினவ, இப்ப பஸ் ஏத்திக் கூட்டிட்டு வந்து துப்புன்னு சொல்லுதா" என்று அன்று காலை எங்கள் நர்ஸிடம் சொல்லிச் சிரித்தார். அந்த அம்மாவும் சிரித்துவிட்டார். பொதுவாக ஒரு நார்மலை எடுப்பதற்குமுன் பல் டாக்டர் வாயைத் திறந்து டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். அன்று டாக்டர் வருவதற்கு நேரமாகும் போலிருந்தது. "நம்ம ஆளுதானே சிஸ்டர், கேள்வி கேட்டு ஃபாரத்தை நிரப்பி விட்டுடுங்க, கடைக்குப் போகணும்" என்று நான்தான் சொன்னேன். வீட்டு ஆட்களுக்கு அப்படித்தான் விட்டுக்கொண்டிருந்தோம். நம்ம ஆள் என்றால் ஆரோக்கியமாகத்தான் இருப்பார் என்று ஒரு நினைப்பு. அவரைக் கேள்விக்கு உட்காரவைத்துவிட்டு நான் என் பெஞ்சுக்கு வந்துவிட்டேன்.

துப்பிய குழாய்க்குப் பெயர் கிடையாது, நம்பர்தான். எந்த நம்பர் யாருடையது என்ற நோட்டு எங்கள் விஞ்ஞானியின் அலமாரியில் பூட்டியிருக்கும். ஆள் தெரிந்தால் அளக்கிறவர் மனசு ஒரு பக்கம் சாய்ந்துவிடும் என்பதற்காக அந்த ஏற்பாடு. அதனால் இருபது நார்மல் குழாய்களில் என் வீட்டுக்காரர் எது என்று எனக்குத் தெரியாது. உண்மையைச் சொன்னால், அதைப் பற்றி ஒரு நிமிஷம்கூட நான் யோசிக்கவில்லை.

அளக்கிற நாள் வந்தது. உள்ளங்கை அகலப் பிளாஸ்டிக் தட்டில் வரிசை வரிசையாகத் தொண்ணூற்றாறு குழி. ஒவ்வொரு குழியிலும் ஒருவருடைய எச்சில். கடைசியில் ஊற்றுகிற மருந்தில் குழிகள் நீலமாகும், அமிலம் விட்டதும் மஞ்சளாகும். புரதம் எவ்வளவு அதிகமோ அவ்வளவு அடர்த்தியான மஞ்சள். நோயாளிகள் பக்கம் மஞ்சள் அரைத்து விட்டதுபோல இருந்தது. நார்மல் பக்கம் வெறும் தண்ணீர்போல வெளிறிக் கிடந்தது. ஒரே ஒரு குழி மட்டும் நோயாளிகளுக்குச் சமமாகப் பழுத்து நின்றது.

என்னோடு வேலை பார்த்த ஆராய்ச்சி மாணவி கொல்லத்துப் பெண். முப்பது வயதிருக்கும், சத்தமே வராமல் பேசுவாள். "சேச்சி, இதொண்ணு நோக்கூ. பதினேழு நார்மல்தானா? பேஷியன்ட் மாதிரியல்லே இருக்கு" என்றாள்.

எனக்கு வந்தது பாருங்கள் கோபம். குழாயை மாற்றி வைத்துவிட்டாய், கண் எங்கே இருந்தது, பிஎச்டி படித்தால் மட்டும் போதுமா என்று பொரிந்து தள்ளினேன். அடுத்த வாரம் என் கையாலேயே முதலிலிருந்து செய்தேன். பதினேழு திரும்பவும் பழுத்துத்தான் நின்றது.

"அந்த ஆளை ஒண்ணு விளிச்சு வாய் நோக்கச் சொல்லாமே சேச்சி. ஒரு போன் போதுமல்லோ" என்றாள்.

"நாம என்ன டாக்டரா? ஈறு வீங்கினாலும் இது ஏறும், தொண்டை கட்டினாலும் ஏறும். ஏறினவங்களை எல்லாம் கூப்பிட்டுப் பயங்காட்டினா நாளைக்கு ஒருத்தர் துப்ப வருவாங்களா? பேசாம வேலையைப் பாரு" என்றேன்.

நான் சொன்னதில் தவறு எதுவும் கிடையாது. அதுதான் கொடுமை. ஈறு கெட்டிருந்தாலும் அந்தப் புரதங்கள் ஏறத்தான் செய்யும். ஒரு அளவை வைத்துக்கொண்டு ஒருவருக்கு நோய் என்று யாராலும் சொல்ல முடியாது. கூட்டத்தோடு ஒட்டாத எண் ஒன்று வந்தால் திரும்பச் செய்து பார்த்து, அப்போதும் ஒட்டாவிட்டால் காரணம் எழுதி நீக்கிவிடுவது எங்கள் நடைமுறை. நான் என் பெஞ்ச் நோட்டை எடுத்துப் பதினேழின்மேல் சிவப்புப் பேனாவால் கோடு போட்டேன். பக்கத்தில் 'ஈறு வீக்கமாக இருக்கலாம், நீக்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். யார் ஈறு, எவர் ஈறு, நான் பார்த்தேனா? அதை நீக்கியதும் கிராஃப் கோலம் போட்டதுபோல அழகாக வந்தது. விஞ்ஞானி பார்த்துவிட்டு வெரி குட் என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது.

ஏழெட்டு மாதம் போயிருக்கும். ஓணம் வியாபாரம் சூடுபிடித்திருந்த சமயம். வீட்டுக்காரர் சாப்பிடும்போது சோற்றை ஒரு பக்கமாகவே ஒதுக்கி மெல்வதைக் கவனித்தேன். ஊறுகாய் வேண்டாம் என்றார். மிளகாய் இல்லாமல் ஒரு வாய் இறங்காத மனிதர். கேட்டதற்கு, "பல்லு ஒண்ணு ஒடஞ்சிருக்கு, நாக்குல குத்துது. ஓணம் முடியட்டும், பிடுங்கிருவோம்" என்றார். அதற்குப் பிறகுதான் யோசித்தேன், வீட்டில் பேச்சுச் சத்தம் குறைந்துபோய்ப் பல நாள் ஆகிறது. நிம்மதியாக இருக்கிறதே என்று நான் இருந்திருக்கிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சமையலறை ஜன்னலோரம் அவரை நிறுத்தி வாயைத் திறக்கச் சொன்னேன். சவத்தை விடு, ஒன்றுமில்லை என்று நழுவப் பார்த்தார். விடவில்லை. இடது கடைவாய்ப்பல் கத்திமுனைபோல உடைந்திருந்தது. அதற்கு நேராக நாக்கின் ஓரத்தில் ஒரு புண். நடுவில் வெளுத்து, சுற்றிலும் தடித்துச் சிவந்து கிடந்தது. விரலால் தொட்டேன். புண்ணுக்கு அடியில் கல்போல இருந்தது. அத்தனை வருடமாக அந்த நோயின் எச்சிலில் கை நனைத்தவளுக்கு அதற்குமேல் யாரும் சொல்லித்தர வேண்டாம். அடுப்பில் பால் பொங்கி வழிந்துகொண்டிருந்தது. அணைக்கத் தோன்றாமல் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

சதை எடுத்துப் பார்த்தார்கள். புற்றுதான். "புகையிலையே தொட்டதில்லை டாக்டர்" என்று நான் சண்டைக்குப் போனேன், ஏதோ அந்த டாக்டர்தான் கொண்டுவந்து வைத்தார் என்பதுபோல. அவர் பொறுமையாகச் சொன்னார். பல் ஒரே இடத்தில் உரசி உரசி, புண் ஆற முடியாமலே இருந்திருக்கிறது. சிலருக்கு அப்படியும் ஆகும். இதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் உதவி செய்திருக்கும். நான் காலேஜ் பிள்ளைகளுக்கு மூச்சுவிடாமல் சொன்ன பாடத்தை எனக்கே ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தார்.

"புண் எவ்வளவு நாளா இருக்கு?" என்று டாக்டர் கேட்டார்.

"ரெண்டு மாசம் இருக்கும்" என்றார் இவர், என் முகத்தைப் பார்க்காமல்.

ரெண்டு மாதம் என்பது அந்த நேரத்தில் எனக்குப் பிடித்துக்கொள்ள ஒரு கொம்பாக இருந்தது. சீக்கிரமே பிடித்துவிட்டோம், நாக்கில் கொஞ்சம்தான் போகும், பேச்சு தப்பிவிடும் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஸ்ரீவராகத்தில் இருக்கிற எங்கள் வீட்டுப் படியேறினேன். அவர் பேச்சு தப்ப வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு வேண்டுதல் இருக்கவில்லை.

மறுநாள் லீவு சொல்ல ஆராய்ச்சிக்கூடத்துக்குப் போனேன். நார்மலாகத் துப்பியவருக்குப் பிறகு நோய் வந்தால் விஞ்ஞானியிடம் சொல்லிப் பதிவு செய்ய வேண்டும் என்று விதி உண்டு. சொன்னேன். அவர் பதறிப்போய் எழுந்து என்னை உட்காரவைத்தார். பிறகு அலமாரியைத் திறந்து அந்த நோட்டை எடுத்து, விரலால் பெயர்களை மேலிருந்து கீழே தேடிக்கொண்டு போனார். விரல் ஒரு இடத்தில் நின்றது. நம்பரை அவர் வாயால் சொல்லவில்லை. நோட்டை என் பக்கமாகத் திருப்பி வைத்தார்.

பதினேழு.

அதிர்ந்துபோனேன் என்று எழுதினால் என்னவோ சின்ன விஷயம்போல இருக்கிறது. எனக்குக் காது அடைத்துவிட்டது. விஞ்ஞானியின் வாய் அசைகிறது, சத்தம் வரவில்லை. எழுந்து போய் என் பெஞ்சிலிருந்து என் நோட்டை எடுத்துப் பிரித்தேன். சிவப்புக் கோடு. ஈறு வீக்கமாக இருக்கலாம். என் கையெழுத்து. அந்தப் பழுத்த குழி இருந்த தட்டைக் கையில் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தவள் நான். இரண்டு தடவை பார்த்தவள். உள்ளே கிடந்து அந்தப் புரதங்கள் கத்தியிருக்கின்றன, வேலையைப் பாரு என்று சொல்லிவிட்டேன். அந்தக் கொல்லத்துப் பெண் ஒரு கிளாஸ் தண்ணீரோடு பக்கத்தில் வந்து நின்றாள். அவளுக்கும் புரிந்துவிட்டது. ஒரு போன் என்று கேட்டவள் அவள். தண்ணீரை வாங்கிக்கொண்டேன், அவள் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"ஒரு வேல்யூவை வைத்து எதுவும் சொல்ல முடியாது. உங்களுக்கே தெரியுமே" என்றார் விஞ்ஞானி. தெரியும். அன்றைக்கே புற்று இருந்ததா, வெறும் புண்தானா, புண்ணே இல்லாமல் ஈறுதானா என்று இப்போது எந்த மகானாலும் சொல்ல முடியாது. ஆனால் டார்ச் அடித்து ஒருவர் பார்த்திருப்பார். பல்லை ராவி மழுக்கிவிட்டிருப்பார், அல்லது பிடுங்கியிருப்பார். மாதம் ஒரு தடவை வரச் சொல்லியிருப்பார். அவ்வளவுக்கும் ஒரு போன் போதும். விஞ்ஞானி சொன்ன சமாதானம் முழுவதும் நான் ஏற்கனவே சொன்ன சமாதானம்தான், அதனால் எனக்கு அது ஒட்டவே இல்லை.

நாக்கில் பாதியை எடுத்தார்கள். கழுத்தில் இரண்டு நிணநீர் முடிச்சுகளுக்கும் பரவியிருந்தது, அவற்றையும் எடுத்தார்கள். தொடையிலிருந்து சதை வெட்டி நாக்கில் வைத்துத் தைத்தார்கள். பிறகு கதிர்வீச்சு. இப்போது இரண்டு வருடம் ஆகிறது. ஆள் இருக்கிறார், அதற்கு நான் கும்பிடாத சாமி இல்லை. கடைக்கும் போகிறார். புடவையை விரித்துக் காட்டுகிறார், மடித்து வைக்கிறார். பக்கத்தில் நின்று பேசுவது வேறொருவர்.

நான் அவரிடம் சொன்னது ஆபரேஷன் முடிந்த எட்டாம் நாள் மத்தியானம். மூக்கில் குழாய், கழுத்தைச் சுற்றித் தையல். பேச முடியாது என்பதால் தலையணைக்குப் பக்கத்தில் ஒரு நோட்டும் பேனாவும் வைத்திருந்தோம். பக்கத்துக் கட்டிலில் ஒரு நெடுமங்காட்டுப் பெரியவர் கண்ணை மூடிப் படுத்திருந்தார். இதற்குமேல் மனசில் வைத்திருந்தால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது. பதினேழு என்ற நம்பரில் ஆரம்பித்து, குழி பழுத்தது, அந்தப் பெண் கேட்டது, நான் அவளைத் திட்டியது, கோடு போட்டது, கிராஃப் அழகாக வந்தது, நான் பெருமைப்பட்டது என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். அழவில்லை. அழுதால் அவர் என்னைச் சமாதானப்படுத்த ஆரம்பித்துவிடுவார் என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன்.

அவர் நோட்டை இழுத்து, 'சவத்த விடு' என்று எழுதினார்.

"விட முடியாது. நான் ஒரு போன் பண்ணச் சொல்லியிருந்தா உங்க நாக்கு இருந்திருக்கும். என்னைத் திட்டுங்க. எழுதித் திட்டுங்க" என்றேன்.

அவர் நோட்டில் ஒரு புதுப் பக்கத்தைப் புரட்டினார். பிறகு எழுதத் தொடங்கினார். படுத்தபடி எழுதியதில் எழுத்து கோணல்மாணலாக வந்தது. எழுதி முடித்து நோட்டை என் மடியில் வைத்துவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

'துப்பின அன்னைக்கே புண்ணு உண்டு. சிஸ்டர் கேட்டா, இல்லன்னு சொன்னேன். புண்ணு உள்ளவன சேக்கமாட்டாங்கல்லா. ஆளு கெடைக்கல ஆளு கெடைக்கலன்னு நீ ஒரு வாரமா பொலம்பினே. டாக்டர்ட்ட ரெண்டு மாசம்னு பொய் சொன்னதும் நீ இத தெரிஞ்சுக்கப்பிடாதுன்னுதான்.'

இரண்டாம் தடவை படித்தேன். மூன்றாம் தடவை படித்தேன். எழுந்து நின்றேன். அடிக்கக் கையை ஓங்கிவிட்டேன், சத்தியமாக. எங்கே அடிப்பது? கழுத்தெல்லாம் தையல், மூக்கில் குழாய், தொடையில் கட்டு. ஓங்கிய கையைக் கொண்டுபோய் அவருடைய பாதத்தைப் பிடித்துக்கொண்டேன். பக்கத்துக் கட்டில் பெரியவர் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டார்.

கொஞ்ச நேரம் கழித்து அவர் கை நீட்டி நோட்டைக் கேட்டார். கொடுத்தேன். ஒரு வரி எழுதித் திருப்பிக் காட்டினார்.

'எனக்குப் பதிலா வேற ஆளு கெடச்சுதா?'

கிடைத்தது என்று தலையாட்டினேன். கோடு போட்ட மறுநாளே நான் இன்னொருவரைக் கூட்டி வந்துவிட்டிருந்தேன்.